ரேடியோவுக்குள் போன சரடு

சத்தியம்! நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால், இதோ என் மடியில் இருக்கிறதே இந்த ரேடியோ, இது என் காலிலேயே விழுந்து பெருவிரல் நசுங்கட்டும். நடு ரோட்டில், நட்ட நடு வெயிலில், நின்றுபோன பஸ்ஸுக்குள் இத்தனை பேர் பார்க்கச் சத்தியம். போதுமா? சத்தம் கேட்டு முன் சீட்டு அம்மாள் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். சத்தியத்தைச் சத்தமாகத்தான் பண்ண வேண்டும். மற்றதை மெதுவாகச் சொல்கிறேன். கொஞ்சம் கிட்ட வாங்க.

உட்காருங்க தம்பி. வண்டியைத் தள்ளிவிட்டுத்தானே வருகிறீர்கள்? சட்டையைப் பிழிந்தால் ஒரு செம்புத் தண்ணீர் தேறும் போலிருக்கிறது. நானும் தள்ளத்தான் எழுந்தேன். அந்தக் கண்டக்டர் பயல், "பெருசு, நீங்க மேலயே இருங்க. வண்டியத் தள்ளுறதா, உங்களத் தூக்குறதா?" என்று உட்கார வைத்துவிட்டான். வாய்க் கொழுப்பு.

அது என்ன, காலுக்கு நடுவே அட்டைப்பெட்டி? ஸ்டெபிலைசரா? தங்கச்சி வீட்டு ஃபிரிட்ஜுக்கா? நல்லது, நல்லது. உள்ளே கண்ணாடி ஃபியூஸ் போட்ட மாடலா? இல்லை, சும்மா கேட்டேன். விடுங்க.

நான் மதுரைக்குப் போயாக வேண்டும் தம்பி. இன்றைக்கு, மத்தியான ரயில் கிளம்புவதற்குள். போகவில்லை என்றால் என் வாழ்க்கை முடிந்தது. என் வீட்டுக்காரி லிங்கக்கனி அந்த ரயிலில் மகனோடு புனேவுக்குப் போகிறாள். ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிற போக்கு இல்லை. சேலை துணிமணி, சாமி படம், அரிவாள்மனை எல்லாம் கட்டியாகிவிட்டதாம். அரிவாள்மனையைக் கட்டிக்கொண்டு போகிற பெண்பிள்ளை திரும்பி வருவாளா? நீங்களே சொல்லுங்க. புனேயில் அரிவாள்மனை கிடைக்காதா? கிடைக்கும். இருந்தும் எடுத்துக்கொண்டு போகிறாள் என்றால் என்ன அர்த்தம்? இந்தப் பக்கம் இனி காய் நறுக்க மாட்டேன் என்று அர்த்தம்.

இத்தனைக்கும் நான் என்ன செய்தேன்? குடித்தேனா? சீட்டாடினேனா? ராஜபாளையத்தில் போய் எவனை வேண்டுமானாலும் கேளுங்கள். ஆயுசு பூராவும் நூல் மில்லில் வேலை. ஷிப்ட் முடிந்தால் வீடு. வீட்டில் ஒரு மேசை, ஈயம் பற்றவைக்க ஒரு சால்டரிங் அயன், ஒரு பெட்டி நிறையப் பழைய சாமான். செத்துப்போன ரேடியோவைப் பிழைக்க வைப்பேன், ஆம்பிளிஃபயர் கட்டுவேன், காலிங் பெல்லைக் குயில் மாதிரி கூவ வைப்பேன். கூலிக்கு இல்லை, ஆசைக்கு. ஊரில் மனுஷன் மீன் வளர்க்கிறான், புறா வளர்க்கிறான், அது மாதிரி.

என் கைராசியைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு தடவை ஆம்பிளிஃபயர் ஒன்று கட்டி, மைக்கைச் சுவரோரமாக வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். ஒரு பல்லி மைக்குக்கு மேலே வந்து உட்கார்ந்து உச்சுக் கொட்டியது. அவ்வளவுதான். மூன்று தெரு தள்ளி ஒரு வீட்டில் பெண் பார்க்க வந்து, வேண்டாம் என்று எழுந்துகொண்டிருந்தவர்கள், "இவ்வளவு பெருசா எந்த ஊர்லயும் பல்லி சொன்னதில்ல" என்று திரும்ப உட்கார்ந்து, தட்டு மாற்றிவிட்டுத்தான் எழுந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு இன்றைக்கு இரண்டு பிள்ளைகள். என்ன சிரிக்கிறீர்கள்? பல்லி சத்தியமாக நடந்தது.

ரேடியோ விஷயத்துக்கு வருகிறேன். இது லிங்கக்கனி அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்த ரேடியோ. ரொம்ப காலமாகப் பரணில் கிடந்தது. உள்ளே எலி குடும்பம் நடத்தியிருந்தது. சித்திரையில் வீடு ஒட்டடை அடிக்கும்போது அவள் அதை எடுத்துக் கீழே வைத்து, "இத எடைக்குப் போட்டா ஒரு பிளாஸ்டிக் வாளியாவது வாங்கலாம்" என்றாள். பாவம், அப்பா கொடுத்தது ஊமையாகக் கிடக்கிறதே என்று மனசுக்குள் எவ்வளவு குமுறியிருப்பாள்? வாயால் வாளி என்றாள். மனசு என்ன சொல்லிற்று என்று கட்டினவனுக்குத் தெரியாதா?

அன்றைக்கே முதுகைக் கழற்றிவிட்டேன். ரேடியோ முதுகைச் சொல்கிறேன்.

இதில் பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஸ்பீக்கரை எலி தின்றிருந்தது. எங்கள் டிவியில் அதே அளவு ஸ்பீக்கர் இருந்தது. எடுத்தேன். திருட்டு என்று சொல்லாதீர்கள். இடமாற்றம். மில்லில் ஓர் ஆளை வைண்டிங்கிலிருந்து ஸ்பின்னிங்குக்கு மாற்றுவதில்லையா? மில் ஓடவில்லையா? டிவி ஓடத்தான் செய்தது, சத்தம் மட்டும் இல்லை. அவள் பார்க்கிற சீரியலுக்கு நானே பக்கத்தில் உட்கார்ந்து குரல் கொடுத்தேன். மாமியார் வாயைத் திறந்தால் மாமியார் குரல், மருமகள் வாயைத் திறந்தால் மருமகள் குரல். உண்மையில் டிவியில் வருகிற கதையைவிட என் கதை நன்றாக இருந்தது. அதில் செத்துப்போன ஒருத்தனை நான் இரண்டு வாரம் உயிரோடு வைத்திருந்தேன். அவள் ஒரு வார்த்தை பாராட்டவில்லை.

அப்புறம் குமிழ். ஸ்டேஷன் பிடிக்கிற குமிழ் உடைந்துபோயிருந்தது. கேஸ் அடுப்புக் குமிழ் அளவெடுத்துச் செய்த மாதிரி அப்படியே உட்கார்ந்தது. இதோ பாருங்க, இன்னும் "ஆன், ஆஃப்" எழுத்துக்கூட அழியவில்லை. அவள் அடுப்பைக் குறடு வைத்துத் திருகிக்கொண்டாள். ஏரியலுக்கு எதிர்வீட்டுக் குடையிலிருந்து ஒரு கம்பி. விரிந்துகிடந்த பெட்டியை இறுக்கிக் கட்ட பெல்ட் ஒன்று தேவைப்பட்டது, அதைத் தையல்காரர் மெஷினில் பார்த்தேன். மறுநாள் அவர் வாசலில் வந்து நின்று, "யோவ் தங்கப்பழம், என் மோட்டார் பெல்ட்டு எங்கய்யா? கல்யாண ஜாக்கெட்டு பாதியில நிக்குது!" என்று ஒரே கூப்பாடு.

அடடா. பேர் காதில் விழுந்துவிட்டதா? விழுந்திருந்தால் மறந்துவிடுங்கள் தம்பி. அது வேறு தங்கப்பழம்.

எல்லாம் சேர்ந்தது. கடைசியில் ஒன்றே ஒன்று பாக்கி. டயல் நூல். குமிழைத் திருகினால் முள் நகர வேண்டும் இல்லையா? உள்ளே சின்னச் சின்னச் சக்கரங்களைச் சுற்றி ஒரு நூல் ஓடும், அதுதான் முள்ளை இழுத்துக்கொண்டு போகும். அது அறுந்துபோயிருந்தது. நீங்கள் கேட்கலாம், நூல் மில்காரனுக்கா நூல் பஞ்சம் என்று. வீட்டில் மூட்டை நூல் இருந்தது தம்பி. எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒன்று வழுக்கிற்று, ஒன்று இழுபட்டது, ஒன்று சக்கரத்தில் பிசிறு கட்டி நின்றது. நைலான் போட்டேன், வெயிலுக்கு நீண்டுவிட்டது. தூண்டில் நரம்பு போட்டேன், முள் எகிறி ஜன்னலுக்கு வெளியே போய்விட்டது. பித்துப் பிடித்த மாதிரி இருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. எல்லாம் தயார், ஒரு முழம் நூல் இல்லாமல் பெட்டி செத்துக் கிடக்கிறது என்றால் மனசு எப்படி இருக்கும்?

அப்போதுதான் சாமி அலமாரியில் பார்த்தேன். ஒரு மஞ்சள் சரடு. புதுசு. முறுக்கு என்றால் முறுக்கு, அப்படி ஒரு முறுக்கு. விரலில் சுற்றி இழுத்துப் பார்த்தேன், மில் ஆள் இல்லையா, கைக்குத் தெரியும். மஞ்சள் தேய்த்ததால் ஒரு சொரசொரப்பு. சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும். இழுபடாது. உலகத்தில் டயலுக்கென்றே ஒரு நூல் பிறந்தது என்றால் அது தாலிச்சரடுதான். இந்த ரகசியம் ரேடியோ செய்கிறவன் எவனுக்கும் தெரியாது. நீங்கள் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

முள் வெண்ணெயில் கத்தி மாதிரி நகர்ந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "லிங்கம்! ஓடி வா, முள்ளு நகருது பாரு!" என்று கத்தினேன்.

வந்தாள். அன்றைக்கு ஆடிப் பதினெட்டு. தலைக்குக் குளித்து, முகத்தில் மஞ்சள் பூசி, அலமாரியைத் திறந்து வைத்துவிட்டு வந்து நின்றாள். குனிந்து பார்த்தாள்.

"இது என்னது?"

"டயல் நூலு."

"மஞ்சளா இருக்கு."

"மஞ்ச நூலு."

"ஏங்க, இது இன்னிக்கு நான் மாத்திக் கட்ட வச்சிருந்த சரடு."

"கட்டுன சரடு இல்லையே தாயி, கட்டப்போற சரடுதான? கழுத்துல பழசு கெடக்குல்ல?"

இதில் என்ன தப்பு? நியாயமான கேள்விதானே? கடைத்தெருவுக்கு ஓடிப்போய் வேறு ஒன்று வாங்கி வந்திருக்கலாம் என்கிறீர்களா? வாங்கியிருக்கலாம்தான். ஆனால் சக்கரத்தில் ஈயப்பற்று சூடு ஆறவில்லை தம்பி. பாதியில் எழுந்தால் ஆடிவிடும்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "அடுப்புக் குமிழ எடுத்தீங்க, நான் ஒண்ணும் சொல்லல. டிவிய ஊமையாக்குனீங்க, சொல்லல. இது நல்லா சுத்துதா?" என்றாள்.

"வழுக்கவே இல்ல தாயி!"

"சரி. அத நல்லாப் பாட வச்சு, அதோடயே குடும்பம் நடத்துங்க."

பையை எடுத்தாள், போய்விட்டாள். மதுரை செல்லூரில் அவள் தம்பி வீடு. ஆடியில் போனவள், கார்த்திகை பிறந்துவிட்டது, இன்னும் அங்கேதான்.

இப்போது நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. என்ன சொன்னாள்? "நல்லாப் பாட வச்சு." வைத்து என்றாளா இல்லையா? அப்படியென்றால் பாட வைத்தால் வருவேன் என்றுதானே அர்த்தம்? தலையை ஆட்டாதீர்கள். என் மச்சினனும் இப்படித்தான் ஆட்டினான். போன் போட்டு, "அத்தான், ஒரு தடவ நேர்ல வந்து அக்காகிட்ட ரெண்டு வார்த்த பேசுங்க, போதும்" என்றான். வெறும் கையோடு போய் என்ன பேசுவது? பாட்டு வரட்டும், வருகிறேன் என்றேன். ஆவணியில் சொன்னேன், புரட்டாசியில் சொன்னேன், ஐப்பசியிலும் சொன்னேன். அவள் இல்லாத வீட்டில் நான் என்ன பாடுபட்டேன் தெரியுமா? அடுப்பைத் திருகக் குறடு எங்கே இருக்கிறதென்று தெரியாமல் ஒரு வாரம் அவல் ஊறவைத்துத் தின்றேன். ஒரு நாள் டிவியைப் போட்டுவிட்டு நான் பாட்டுக்கு மாமியார் குரலில் பேசிக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. சிரிக்காதீர்கள் தம்பி. அன்றைக்கு நான் அழுதேன்.

போன வாரம் பாடிற்று! கணீரென்று. அதே வாரம்தான் மச்சினன் மறுபடி கூப்பிட்டு புனே விஷயத்தைச் சொன்னான். பார்த்தீர்களா, சாமி எப்படிக் கணக்காக முடிச்சுப் போடுகிறது? ரயிலடியில் போய் நிற்பேன், பெட்டியைத் திருகுவேன், பாட்டு வரும், அவள் அரிவாள்மனையோடு இறங்குவாள். இதுதான் திட்டம். கரண்டு இல்லாத இடத்திலும் பாட வேண்டும் என்று இதோ கீழே பாருங்கள், ஒரு பேட்டரி. பெட்டிக்கும் பேட்டரிக்கும் நடுவே ஒரு கண்ணாடி ஃபியூஸ்.

ஃபியூஸ் எதற்கென்றால், அது அவளுக்குக் கொடுத்த வாக்கு. ஒரு காலத்தில் ஃபியூஸ் போனால் அந்த இடத்தில் ஒரு செப்புக் கம்பியை முறுக்கிவிடுவேன், எல்லாரும் செய்வதுதான். ஒரு தடவை கம்பி பழுத்து, கொடியில் கிடந்த அவள் பட்டுச்சேலை பற்றிக்கொண்டது. அன்றைக்கு அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன், உயிரே போனாலும் ஃபியூஸுக்குப் பதில் கம்பி போட மாட்டேன் என்று. இன்றுவரை மீறவில்லை. அவள் விஷயத்தில் நான் சத்தியவான்.

கிருஷ்ணன்கோவில் தாண்டி ஒரு பள்ளத்தில் இந்த வண்டி விழுந்து எழுந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பேட்டரி வயர் ஒன்றோடொன்று உரசி, பட் என்று ஒரு சத்தம். திருகிப் பார்த்தேன், பேச்சு மூச்சு இல்லை. ஃபியூஸ் போய்விட்டது. அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்திருக்கும்? பத்து ஊர் தாண்டினால் ரயிலடி. கையில் பிணம். கம்பி இருக்கிறது, என் சட்டைப்பையிலேயே இருக்கிறது, ஒரு முறுக்கு முறுக்கினால் பாடும். ஆனால் சத்தியம் இருக்கிறதே!

கல்லுப்பட்டி வந்தது. வண்டியை ஓரம் கட்டி எல்லாரும் டீக்குடிக்க இறங்கினீர்கள். நீங்கள் வடை தின்றதைக்கூட ஜன்னல் வழியே பார்த்தேன். நான் இறங்கவில்லை. என் சீட்டு டிரைவருக்குப் பின்னால் இருந்தது. டிரைவர் காலுக்குப் பக்கத்தில் ஒரு தகரப்பெட்டி, கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். உள்ளே என்ன என்று சும்மா பார்க்கலாம் என்று...

மெதுவாக, மெதுவாக. வாயை மூடுங்கள் தம்பி. டிரைவர் அந்தப் பக்கம்தான் நிற்கிறார்.

இடமாற்றம்தான்! வரிசையாகக் கண்ணாடி ஃபியூஸ் இருந்தது, பாதி இடம் காலியாகவே கிடந்தது. ஒன்று எடுத்தால் என்ன, உள்ளே எரிகிற லைட்டுக்காக இருக்கும், பகலில் லைட் எதற்கு என்று நினைத்தேன். ரேடியோவில் மாட்டினேன். பாடிற்று தம்பி! ஒரே ஒரு வரி. அதற்குள் டிரைவர் வந்து உட்கார்ந்து சாவியைத் திருகினார். டிக் என்றுகூட ஒரு சத்தம் இல்லை. பேசாமல் எழுந்து இந்தக் கடைசி சீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீங்கள் எல்லாரும் தள்ளினீர்களே, தள்ளினால் கிளம்பாது தம்பி, எனக்குத் தெரியும். அந்த ஃபியூஸ் இல்லாமல் டீசலே இறங்காது. சொல்லலாம் என்றுதான் எழுந்தேன். அதற்குள் டிரைவர் தகரப்பெட்டியைத் திறந்துவிட்டார். "எவனோ கை வச்சிருக்கான்! கையில கெடச்சான், அந்தக் கைய ஒடிச்சு இந்த ஓட்டையில சொருகுவேன்" என்றார். கேட்டீர்கள்தானே? வேறு ஃபியூஸ் வாங்கக் கண்டக்டர் யார் பைக்கிலோ ஏறிப் போனான், போனவன் போனவன்தான். முகூர்த்த நாள், பின்னால் வந்த வண்டி இரண்டிலும் படிக்கட்டு வரைக்கும் ஆள், நிறுத்தவே இல்லை. அங்கே அவள் இந்நேரம் ரயிலடிக்குக் கிளம்பியிருப்பாள். இங்கே அவளிடம் போக வேண்டிய வண்டியை நானே என் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தம்பி, அந்த ஸ்டெபிலைசருக்குள் ஒரு கண்ணாடி ஃபியூஸ் இருக்கும். நிச்சயம் இருக்கும். ஸ்க்ரூ டிரைவர் என்னிடமே இருக்கிறது. தங்கச்சி வீட்டுக்குப் போய் நீங்கள் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டால்... சரி, சரி. பெட்டியை அப்படி இழுத்து அணைத்துக்கொள்ளாதீர்கள். நான் என்ன பறிக்கவா போகிறேன்? கேட்டேன், அவ்வளவுதான். கேட்பதுகூடத் தப்பா?

என்ன சொன்னீர்கள்? இன்னொரு தடவை சொல்லுங்கள்.

"ரேடியோவையா அவங்க கேட்டாங்க?"

அவள் ரேடியோவைக் கேட்டாள் என்று நான் எப்போது... பாட வைத்து என்றாளே... இல்லை. கேட்கவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான். இது நல்லா சுத்துதா என்று கேட்டாள். நான் வழுக்கவில்லை என்றேன்.

கொஞ்சம் இருங்கள். முதுகைக் கழற்றிக்கொள்கிறேன். இந்த ஸ்க்ரூவைப் பிடியுங்கள். இதோ, பஸ் ஃபியூஸ். சூடுகூட இன்னும் ஆறவில்லை. கீழே சீட்டுக்கு அடியில் கிடந்தது, வண்டியை ஓரம் கட்டியபோது தெறித்திருக்கும் என்று டிரைவரிடம் கொடுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால் நம்புவார், என் முகத்தைப் பார்த்தால் நம்ப மாட்டார். போங்கள், ஓடுங்கள். பெட்டியை வைத்துவிட்டுப் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். சரி, எடுத்துக்கொண்டே போங்கள்! அதுவும் சரிதான்.

கிளம்பிவிட்டது. கேட்டீர்களா, என்னமாக உறுமுகிறது! இந்த ஜன்மத்தில் எந்த ஆம்பிளிஃபயரிலும் இப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை. உட்காருங்க, உட்காருங்க. டிரைவர் என்ன சொன்னார்? உங்கள் முதுகில் தட்டினாரா? நல்லது.

இதுவா? சரடுதான். நீங்கள் முன்னால் போனதும் உருவிவிட்டேன். பாடாத பெட்டிக்கு முள் எதற்கு? முள் விழுந்துவிட்டது, விழட்டும். சக்கர மை பட்டு அங்கங்கே கறுத்திருக்கிறது. மஞ்சளை அரைத்துப் பூசினால் போகுமா தம்பி? போகாதா? அப்படியானால் திருமங்கலத்தில் நிற்கும்போது புதுசாக ஒன்று வாங்குகிறேன், பூக்கடையிலேயே இருக்கும். இரண்டையும் கொண்டுபோகிறேன். எது வேண்டும் என்று அவளே சொல்லட்டும். ஒன்றுமே சொல்லாமல் ரயில் ஏறினாலும் ஏறுவாள். ஆனால் என்ன பேசுவது என்றுதான் இன்னும் தெரியவில்லை. வழி இருக்கிறது, யோசிக்கிறேன். வாளி வாங்கித் தரட்டுமா என்று கேட்டுப் பார்க்கவா?

டிரைவரை வேகமாகப் போகச் சொல்லுங்கள் தம்பி. நீங்கள் சொன்னால் கேட்பார், ஃபியூஸ் கண்டுபிடித்துக் கொடுத்த ஆள் நீங்கள்.

இன்னொன்று. மதுரையில் இறங்கி நீங்கள் உங்கள் வழியில் போய்விடுவீர்கள். இந்தக் கதையை எங்காவது சொல்லத்தான் போகிறீர்கள், உதடு துடிப்பது தெரிகிறது. பல்லிக் கதையைச் சொல்லுங்கள், டிவிக் கதையைச் சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் பஸ்ஸில் யாரோ ஒரு கிழவன் சொன்னான் என்றுகூடச் சொல்ல வேண்டாம். எங்கேயோ கேட்டது என்று சொல்லிவிடுங்கள். டிரைவர் காதுக்குப் போனால் கை போகும், அதுகூடப் பரவாயில்லை. அவள் காதுக்குப் போய்விட்டால், பஸ்ஸில் வரும்போதுகூட இடமாற்றம் பண்ணிக்கொண்டுதான் வந்தேன் என்று தெரிந்துவிடும். சொல்ல மாட்டீர்களே? எங்கே, அந்த ஸ்டெபிலைசர் மேல் அடித்துச் சத்தியம் பண்ணுங்க, பார்ப்போம்.